அக்காள் மகளின் தைராய்டு புற்றுநோய் அறிக்கையில் ‘ரெட் மரபணு மாற்றம்’ என்று வந்திருக்கிறது: இது குடும்ப நோயா?

மேலூர்க்காரன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். மேலூருக்குக் கிழக்கே உள்ள ஒரு கிராமத்திலிருந்து எழுதுகிறேன். என் அக்காள் மகளுக்குப் பதினேழு வயது. பன்னிரண்டாம் வகுப்பில் படிக்கிறாள். சித்திரைத் திருவிழாவுக்காக எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது, அவள் தண்ணீர் குடிக்கையில் கழுத்தின் வலப்பக்கம் ஒரு சிறு உருண்டை மேலும் கீழும் நகர்வதை என் மனைவிதான் முதலில் பார்த்தாள். வலி இல்லை, காய்ச்சல் இல்லை என்பதால் நெறி கட்டியிருக்கும் என்று ஒரு மாதம் விட்டுவிட்டோம். பிறகு ஸ்கேன் எடுத்து, ஊசி வைத்துச் சதை எடுத்துப் பார்த்ததில் புற்றுநோய் என்று தெரிந்தது. மதுரையில் ஒரு மருத்துவமனையில் தைராய்டு முழுவதையும் பக்கத்திலிருந்த நெறிக்கட்டிகளையும் அகற்றினார்கள். பாப்பிலரி வகை என்றும், எடுத்த பதினொரு நெறிக்கட்டிகளில் நான்கில் பரவியிருந்தது என்றும் அறிக்கை வந்தது.

அகற்றிய கட்டியின் ஒரு துண்டை மரபணுப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். அதன் முடிவு சென்ற வாரம் வந்தது: ‘சி.சி.டி.சி.6–ரெட் இணைவு கண்டறியப்பட்டது. பிராஃப் மாற்றம் இல்லை.’ மருத்துவர் அதைப் பார்த்துவிட்டு, “பயப்பட ஒன்றுமில்லை, அடுத்தது அயோடின் சிகிச்சை” என்று சொன்னார். வெளியே நாற்பது பேர் காத்திருக்கும்போது அதற்கு மேல் கேட்க எங்களுக்கு வாய் வரவில்லை.

வீட்டுக்கு வந்து அலைபேசியில் ‘ரெட் மரபணு, தைராய்டு’ என்று தேடியதுதான் தவறாகிவிட்டது. ரெட் மாற்றம் பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு வரும் என்றும், ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு என்றும், நோய் வருமுன்னரே சிறு குழந்தைகளின் தைராய்டை அகற்றிவிட வேண்டும் என்றும் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறது. அவளுக்கு ஒன்பது வயதில் ஒரு தம்பி இருக்கிறான். என் அக்காள் மூன்று நாட்களாக அவன் கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

இதற்கிடையே பிள்ளைகளின் அப்பத்தா, “இது எங்கள் வம்சத்தில் இல்லாத நோய், தாய் வழியாகத்தான் வந்திருக்க வேண்டும்” என்று ஆரம்பித்துவிட்டார். அக்காளும் அத்தானும் மாமன் மகள், அத்தை மகன் உறவில் மணம் செய்துகொண்டவர்கள். ஆகவே சொந்தத்தில் கட்டியதால்தான் இந்த வினை என்று வேறு சிலர் சொல்கிறார்கள். எங்கள் ஊருக்கு அருகில் கல் குவாரிகள் இருந்தன என்பதால் அதன் தூசிதான் காரணம் என்று சொல்பவர்களும் உண்டு. தம்பிக்கு இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டுமா, இந்த நோய் உண்மையிலேயே தாய் வழி வந்ததா என்பதைத் தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.


நுண்ணோக்கி எழுதியது:

ஐயா, நான் நோய்க்குறியியல் துறையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றி ஓய்வு பெற்றவன். உங்கள் அக்காள் மகளை நான் பார்க்கவில்லை. ஆகவே அவளுடைய சிகிச்சையைப் பற்றி முடிவு சொல்ல வேண்டியவர் அவளுடைய மருத்துவர்தான். ஆனால் அறிக்கையில் உள்ள அந்த ஒரு வரியை விளக்க முடியும்.

மரபணு என்ற சொல்லை நாம் அமைத்துக்கொண்ட விதத்திலேயே இந்தக் குழப்பத்தின் வேர் இருக்கிறது. சொல்லின் முதற்பகுதியே ‘மரபு’ என்றிருப்பதால், மரபணுவில் மாற்றம் என்று கேட்டவுடன் பாட்டன் பூட்டனிடமிருந்து வந்தது என்றே நம் காது பொருள் கொள்கிறது. உண்மையில், பிறந்த பிறகு உடலின் ஏதோ ஒரு செல்லில் மட்டும் ஏற்பட்டு, அந்தச் செல்லின் வழித்தோன்றல்களில் மட்டும் தங்கிவிடும் மரபணு மாற்றங்களே புற்றுநோய்களில் மிகப் பெரும்பாலானவற்றுக்குக் காரணம். அவை அந்தக் கட்டிக்கு வெளியே, இரத்தத்திலோ கருமுட்டையிலோ இருப்பதில்லை.

நிலப் பத்திரத்தை வைத்துச் சொல்கிறேன். தாய்ப்பத்திரத்தில் சர்வே எண் தவறாக இருந்தால், அதிலிருந்து எழுதப்படும் ஒவ்வொரு பத்திரத்திலும் அந்தத் தவறு தொடரும். பாகம் பிரியும் எல்லாப் பிள்ளைகளுக்கும் அது போய்ச் சேரும். தாய்ப்பத்திரம் சரியாக இருந்து, கடையில் எடுத்த ஒரு நகலில் மட்டும் இரண்டு பக்கங்கள் மாறி ஒட்டப்பட்டால், கெடுவது அந்த நகலும் அதைப் பார்த்து எடுக்கப்பட்ட நகல்களும்தான். உங்கள் அறிக்கையில் உள்ள ‘இணைவு’ இந்த இரண்டாம் வகை. இதில் உவமைகூட அதிகம் இல்லை, ஏனென்றால் உண்மையிலேயே நடந்திருப்பது பக்கம் மாறி ஒட்டப்பட்டதுதான்.

அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். தைராய்டில் இரண்டு வகைச் செல்கள் உள்ளன. தைராக்சின் சுரக்கும் நுண்ணறைச் செல்கள்தான் பெரும்பகுதி. அவற்றுக்கு இடையிடையே, கால்சிடோனின் என்ற வேறொரு சுரப்பை உண்டாக்கும் சி செல்கள் சிறு எண்ணிக்கையில் இருக்கின்றன. ரெட் மரபணு பத்தாவது குரோமோசோமில் உள்ளது. கருவில் சிறுநீரகமும் குடலின் நரம்புகளும் உருவாவதற்கு அது இன்றியமையாதது. வளர்ந்த பிறகு சி செல்களில் அது இயங்குகிறது. நுண்ணறைச் செல்களில் அது மூடிவைத்த மதகுபோலச் சும்மா இருக்கிறது. நீங்கள் இணையத்தில் படித்த பரம்பரை நோயில், ரெட் மரபணுவின் ஓர் எழுத்து பிறவியிலேயே மாறியிருக்கும். உடலின் எல்லாச் செல்களிலும் அந்த மாற்றம் இருந்தாலும், தைராய்டைப் பொறுத்தவரை ரெட் இயங்கும் சி செல்களில்தான் அது தீங்கு செய்கிறது. அப்படி வருவதற்கு மெடுல்லரி புற்றுநோய் என்று பெயர். அது வேறு நோய்.

உங்கள் பெண்ணுக்கு வந்திருப்பது நுண்ணறைச் செல்லிலிருந்து தோன்றும் பாப்பிலரி வகை. ஏதோ ஒரு நாள், ஏதோ ஒரு நுண்ணறைச் செல்லில், பத்தாவது குரோமோசோம் இரண்டு இடங்களில் உடைந்து, நடுத்துண்டு தலைகீழாகத் திரும்பி மீண்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதனால் அதே குரோமோசோமில் உள்ள சி.சி.டி.சி.6 என்ற மரபணுவின் முன்பாதியும் ரெட்டின் பின்பாதியும் ஒன்றாகச் சேர்ந்துவிட்டன. சி.சி.டி.சி.6 நுண்ணறைச் செல்லில் எந்நேரமும் இயங்குவது. அதன் ஆணைக்குக் கீழ் வந்ததும், உறங்கிக்கொண்டிருந்த ரெட்டும் இடைவிடாமல் ‘பெருகு, பெருகு’ என்று செய்தி அனுப்பத் தொடங்குகிறது. மரபணு வரிசையில் இவை இரண்டும் வெகுதூரத்தில் இருந்தாலும், தைராய்டு செல்லின் உட்கருவில் குரோமோசோம் சுருண்டு கிடக்கும் விதத்தால் பல செல்களில் அருகருகே கிடக்கின்றன என்று 2000ஆம் ஆண்டில் காட்டினார்கள். ஏன் இந்த இரண்டு மட்டும் அடிக்கடி ஒட்டிக்கொள்கின்றன என்பதற்கு அது ஒரு நல்ல விடை. 1985இல் இந்த மரபணுவைக் கண்டறிந்தபோது ஆய்வகத்தில் அது இடம் மாறி ஒட்டிக்கொண்ட நிலையிலேயே கிடைத்ததால், ‘மாற்றியடுக்கப்பட்டது’ என்ற பொருள் தரும் ஆங்கிலச் சொற்றொடரின் முதலெழுத்துகளே அதற்குப் பெயராயின என்பது ஒரு வேடிக்கை.

ஆக, ஒரே பெயர் இரண்டு வெவ்வேறு நோய்களில் வருகிறது. அறிக்கையில் பார்க்க வேண்டியது ‘ரெட்’ என்ற சொல்லை அன்று. அதற்குப் பின்னால் வரும் ‘இணைவு’ என்ற சொல்லை. இணைவு பெற்றோரிடமிருந்து வருவதில்லை, பிள்ளைகளுக்குப் போவதும் இல்லை. இந்த அறிக்கையை வைத்துத் தம்பிக்கு மரபணுப் பரிசோதனை செய்ய எந்தக் காரணமும் இல்லை. உங்கள் அக்காள் மீது பழி சொல்லவும் இடமில்லை.

சிறுவர்களிடமும் இளையோரிடமும் இந்த இணைவு வகைதான் முன்னே நிற்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஏறத்தாழ ஐந்நூறு பாப்பிலரி கட்டிகளை ஆராய்ந்து 2014இல் அமெரிக்காவில் வெளியிட்ட பெரிய ஆய்வில், நூற்றுக்கு அறுபது கட்டிகளில் பிராஃப் மரபணுவின் 600ஆவது இடத்தில் ஓர் எழுத்து மாறியிருந்தது. அங்கே இணைவுகள் சிறுபான்மை. நோயாளியின் வயது குறையக் குறைய பிராஃப் குறைந்து, ரெட் இணைவும் என்.டி.ஆர்.கே. என்ற வேறு மரபணுக்களின் இணைவும் கூடுகின்றன. பெரியவர்களில் நோயைக் கடுமையாக்கும் டெர்ட் என்ற மரபணுவின் மாற்றம் பிள்ளைகளிடம் மிக அரிது.

தண்ணீர் விழுங்கும்போது நகர்ந்தது என்று கவனித்த உங்கள் மனைவியின் கண் நல்ல கண். மருத்துவ மாணவர்களுக்கு நாங்கள் முதலில் சொல்லிக்கொடுத்ததும் அதைத்தான்.


திருமங்கலம் வாசகி எழுதியது:

அண்ணா, எனக்குப் பதினெட்டு வயதில் இதே பாப்பிலரி வகை வந்தது. இப்போது இருபத்தாறு வயது, இரண்டு வயதில் ஒரு மகன் இருக்கிறான். மருத்துவ விளக்கத்தை ஐயா தந்துவிட்டார். வீட்டில் நடக்கப்போவதைப் பற்றிச் சிலவற்றை நான் சொல்கிறேன்.

எனக்கும் கட்டியில் மரபணுப் பரிசோதனை செய்தார்கள். என்னுடையது பிராஃப். பரிசோதனைக் கூடத்திலிருந்து (பெயர் வேண்டாம்) அறிக்கையுடன் ஒரு தொலைபேசி அழைப்பும் வந்தது. ‘மரபணு மாற்றம் உறுதியாகியுள்ளது, ஆகவே பெற்றோர், உடன்பிறந்தோர் அனைவரும் பரிசோதனை செய்துகொள்வது நல்லது, மொத்தமாகச் செய்தால் தள்ளுபடி உண்டு’ என்றார்கள். அப்பா ஆட்டை விற்றுப் பணம் திரட்டிவிட்டார். அறுவை செய்த மருத்துவரிடம் சொன்னபோதுதான், கட்டியில் மட்டும் உள்ள மாற்றத்துக்குக் குடும்பம் முழுவதையும் ஏன் சோதிக்க வேண்டும் என்று அவர் கோபப்பட்டார். பணம் தப்பியது. ஆனால் அந்த இரண்டு வாரங்களில் ‘அந்த வீட்டுப் பெண்ணுக்குப் பரம்பரைக் கேன்சர்’ என்று ஊரில் பரவிய பேச்சை இன்றுவரை எங்களால் திரும்பப் பெற முடியவில்லை. என் தங்கைக்கு வரன் பார்த்தபோதும் அது வந்து நின்றது. ஆகவே அறிக்கையை உறவினர்களுக்கு வாட்ஸாப்பில் அனுப்பாதீர்கள். தேவைப்பட்டவர்களுக்கு நேரில் படித்துக் காட்டுங்கள்.

அயோடின் சிகிச்சை என்பது கதிரியக்க அயோடினைக் கொடுத்து எஞ்சிய தைராய்டு செல்களை அழிப்பது. அதற்கு முன் சுமார் இரண்டு வாரம் அயோடின் குறைந்த உணவு சாப்பிடச் சொல்வார்கள். உடம்பில் எஞ்சியிருக்கும் தைராய்டு செல்களை அயோடினுக்கு ஏங்க வைப்பதுதான் அதன் நோக்கம். அயோடின் சேர்த்த உப்பு, கடல் மீன், கருவாடு, பால், முட்டை மஞ்சள் எதுவும் கூடாது. கல் உப்பிலும் அயோடின் சேர்த்தது, சேர்க்காதது என்று இரண்டும் விற்கிறார்கள், பொட்டலத்தைப் படித்து வாங்குங்கள். வெளியில் வாங்கும் ஊறுகாய், மிக்சர், பிஸ்கட் ஆகியவற்றை அடியோடு நிறுத்திவிடுங்கள். எனக்கு அந்த இரண்டு வாரமும் ஜிகர்தண்டா நினைவாகவே இருந்தது. பாலும் கடற்பாசியும் சேர்ந்த பானம் என்பதால், அந்தச் சமயத்துக்கு அதைவிடப் பொருந்தாத ஒன்றை நினைத்துப் பார்க்கவே முடியாது.

கதிரியக்க அயோடின் எட்டு நாளில் பாதியாகக் குறைந்துவிடும் பொருள் என்பதால் யாரும் அதை வாங்கி அடுக்கிவைக்க முடியாது, நாள் குறித்துத்தான் வரவழைப்பார்கள். தேதி தள்ளிப்போனால் பதற வேண்டாம், பத்தியத்தை மட்டும் மருத்துவமனையைக் கேட்டு நீட்டித்துக்கொள்ளுங்கள். மாத்திரையை விழுங்கிய பிறகு தனி அறையில் சில நாட்கள் இருக்க வேண்டும். அம்மா உள்ளே வரமுடியாது என்பதுதான் எனக்குப் பெரிய துயரமாக இருந்தது. பாடப் புத்தகம் கொடுத்தனுப்பினால் அது திரும்பி வருவதற்கும் நாளாகும், நகல் எடுத்துக் கொடுங்கள்.

தைராக்சின் மாத்திரை வாழ்நாள் முழுவதும் உண்டு. வெறும் வயிற்றில் போட்டுவிட்டுக் குறைந்தது அரை மணி நேரம் கழித்துத்தான் காப்பி. அறுவைக்குப் பின் கால்சியம் மாத்திரையும் கொடுத்திருந்தால் இரண்டுக்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும், இல்லாவிட்டால் தைராக்சின் உடலில் சேராது. குழந்தையைப் பற்றி அப்பத்தா கண்டிப்பாகக் கேட்பார்கள். என்னிடமும் என் மாமனார் கேட்ட முதல் கேள்வி அதுதான். அயோடின் சிகிச்சை முடிந்து ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை கருத்தரிப்பதைத் தள்ளிப்போடச் சொன்னார்கள். கருவுற்றதும் தைராக்சின் அளவைக் கூட்டினார்கள். மகன் நலமாக இருக்கிறான். அவனுக்கு எந்தப் பரிசோதனையும் செய்யவில்லை, செய்யச் சொல்லவும் இல்லை.


மேலூர்க்காரன் எழுதியது:

ஐயாவுக்கும் தங்கைக்கும் என் நன்றியை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. ‘இணைவு’ என்ற சொல்லை அறிக்கையில் அடிக்கோடிட்டு அக்காளுக்குக் காட்டினேன். தாய்ப்பத்திர உவமையை அத்தான் உடனே பிடித்துக்கொண்டார். அவர் பத்திர எழுத்தரிடம் வேலை பார்த்தவர்.

மூன்று சந்தேகங்கள் மிச்சமிருக்கின்றன. இந்த இணைவு எதனால் ஏற்பட்டது, குவாரி, அலைபேசிக் கோபுரம் போன்றவை காரணமாகுமா? சொந்தத்தில் மணம் செய்ததற்கு இதில் பங்கில்லை என்று உறுதியாகச் சொல்லலாமா? நெறிக்கட்டிக்குப் பரவியிருப்பதால் இது முற்றிய நிலையா? மூன்றாவதை அக்காள் எதிரில் நான் யாரிடமும் கேட்கவில்லை.


உயிரியல் ஆசிரியர் எழுதியது:

முதல் கேள்விக்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன், ஏனென்றால் இதை வகுப்பில் ஒவ்வோர் ஆண்டும் கேட்கிறார்கள்.

பிள்ளைகளின் தைராய்டு புற்றுநோய்க்கும் கதிர்வீச்சுக்கும் உள்ள தொடர்பை உலகம் உறுதியாகக் கற்றது செர்னோபிலில். 1986 ஏப்ரல் 26இல் அந்த அணு உலை வெடித்தபோது வெளியேறிய அயோடின்-131 புல்லில் படிந்து, பசுவின் பால் வழியாகப் பிள்ளைகளுக்குள் போனது. பிள்ளைகளின் தைராய்டு சிறியது என்பதால் அதே அளவு அயோடின் அங்கே பெரியவர்களைவிடப் பன்மடங்கு அடர்த்தியான கதிர்வீச்சைத் தருகிறது. போதாக்குறைக்கு அந்த வட்டாரத்து உணவில் அயோடின் குறைவு, ஆகவே பட்டினி கிடந்த சுரப்பி கிடைத்ததையெல்லாம் இழுத்துக்கொண்டது. அண்டை நாடான போலந்தில் சில நாட்களுக்குள் ஒரு கோடிக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்குச் சாதாரண அயோடின் கொடுத்து, சுரப்பியை முன்கூட்டியே நிரப்பினார்கள். பெலாரூசிலும் உக்ரைனிலும் பல ஊர்களில் அப்படி நடக்கவில்லை. நான்கைந்து ஆண்டுகளில் அங்கே பிள்ளைகளிடம் தைராய்டு புற்றுநோய் பெருகியது. விபத்தின்போது பதினெட்டு வயதுக்குட்பட்டிருந்தவர்களிடம் 1991 முதல் 2015 வரை ஏறத்தாழ 20,000 பேருக்கு இந்த நோய் பதிவானது என்றும், அவற்றில் கால் பங்குக்குக் கதிர்வீச்சைக் காரணமாகச் சொல்லலாம் என்றும் ஐக்கிய நாடுகள் சபையின் அறிவியல் குழு 2018இல் கணித்தது.

அந்தப் பிள்ளைகளின் கட்டிகளில் அதிகம் காணப்பட்டவை ரெட் இணைவுகள்தான். 2021இல் வெளிவந்த ஆய்வு, வாங்கிய கதிர்வீச்சின் அளவு கூடக்கூட, எழுத்து மாறும் வகையைவிட இணைவு வகை மாற்றங்கள் கூடுவதைக் காட்டியது. கதிர்வீச்சு டி.என்.ஏ.வின் இரு இழைகளையும் அறுக்கிறது. அறுந்த முனைகள் தவறான துணையோடு ஒட்டிக்கொள்வதே இணைவு. ஆனால் இதைத் திருப்பிப் போட்டு வாசிக்கக் கூடாது. இணைவு இருக்கிறது என்பதால் கதிர்வீச்சு பட்டிருக்கிறது என்று பொருளாகாது. கதிர்வீச்சுக்கே ஆளாகாத நாடுகளிலும் பிள்ளைகளின் பாப்பிலரி கட்டிகளில் இணைவுகள் நிறைய இருக்கின்றன. செல் பெருகும்போது டி.என்.ஏ. தானாகவும் அறுந்து ஒட்டும், வளரும் வயதில் அந்தப் பெருக்கம் கூடுதல். மறுபக்கம் ஃபுகுஷிமாவில், விபத்துக்குப் பின் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஸ்கேன் செய்து கண்டுபிடித்த கட்டிகளில் பெரும்பான்மையானவற்றில் இருந்தது பிராஃப் மாற்றம். செர்னோபில் சாயல் அங்கே இல்லை.

அலைபேசிக் கோபுரத்தின் அலைகளுக்கு டி.என்.ஏ. இழையை அறுக்கும் வலு கிடையாது. குவாரித் தூசி கெடுப்பது நுரையீரலை. அதற்கு எதிராகப் போராட வேறு நியாயமான காரணங்கள் போதுமான அளவு இருக்கின்றன. கழுத்துப் பகுதிக்கு முன்பு எப்போதாவது கதிர்வீச்சு சிகிச்சை தரப்பட்டிருந்தால் மட்டும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

உங்கள் அக்காளுக்காக இன்னொரு செய்தி. செர்னோபிலில் கதிர்வீச்சுக்கு ஆளான பெற்றோருக்கு 1987 முதல் 2002 வரை பிறந்த 130 பேரின் மரபணுத் தொகுதி முழுவதையும் படித்துப் பார்த்தார்கள். புதிய மாற்றங்கள் வழக்கத்தைவிடக் கூடுதலாக இல்லை.


நுண்ணோக்கி எழுதியது:

சொந்தத்தில் மணம் செய்வதால் கூடும் நோய்கள், தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக இரண்டு பழுதுபட்ட பிரதிகள் சேர்ந்தால் மட்டும் வெளிப்படுபவை. ஒரு தைராய்டு செல்லில் தானாக ஏற்பட்ட இணைவுக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. பரம்பரை மெடுல்லரி நோயில்கூட ஒரு பிரதி பழுதானாலே போதும் என்பதால், அங்கும் உறவுமுறை மணம் காரணமாவதில்லை.

மூன்றாவது கேள்வியை ஒளிக்காமல் பேசலாம். பெரியவர்களைவிடப் பிள்ளைகளிடம் இந்த நோய் கழுத்து நெறிக்கட்டிகளுக்கு அதிகம் பரவுகிறது. பாதிக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்கு அறுவையின்போதே பரவியிருக்கும். நுரையீரலுக்குப் போவதும் பெரியவர்களைவிடக் கூடுதல். ரெட், என்.டி.ஆர்.கே. இணைவுள்ள கட்டிகள் இந்தப் பரவலில் முன்னணியில் நிற்கின்றன. ராஸ், டைசர்1 போன்ற வேறு மரபணுக்களில் மாற்றம் உள்ளவை பெரும்பாலும் சாதுவானவை. ஆகவே உங்கள் மருத்துவர் அயோடின் சிகிச்சைக்குப் பின் உடல் முழுவதையும் ஸ்கேன் செய்து நுரையீரலையும் பார்ப்பார். அந்தச் சொல்லைக் கேட்டுக் கலங்காதீர்கள்.

ஆனால் பரவல் என்ற சொல் மற்றப் புற்றுநோய்களில் தரும் பொருளை இங்கே தருவதில்லை. பிள்ளைகளின் பாப்பிலரி நோயில் பல பத்தாண்டுகள் கழித்தும் உயிரோடிருப்பவர்கள் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கும் மேல். உலகெங்கும் பின்பற்றப்படும் நிலைப் பகுப்பில், ஐம்பத்தைந்து வயதுக்குட்பட்டவர்களுக்கு இந்த வகை நோயில் மூன்றாம் நிலை, நான்காம் நிலை என்பவையே இல்லை. நெறிக்கட்டியில் பரவியிருந்தாலும் முதல் நிலை. தொலைவிலுள்ள உறுப்புக்குப் போயிருந்தால் இரண்டாம் நிலை, அவ்வளவுதான். இளையோரின் கட்டிச் செல்கள் பெரும்பாலும் அயோடினை உண்ணும் பழக்கத்தை மறப்பதில்லை என்பது இதற்கு ஒரு காரணம். அந்தப் பழக்கத்தைக் கொண்டே அவற்றை அழிக்கிறோம்.

இணைவின் பெயர் தெரிந்திருப்பதால் ஒரு நன்மையும் உண்டு. அயோடினுக்கு அடங்காமல் நோய் வளரும் சிலருக்கு ரெட்டைக் குறிவைத்து அடக்கும் செல்பெர்காடினிப் என்ற மருந்து 2020 முதல் இருக்கிறது, என்.டி.ஆர்.கே. இணைவுக்கு லாரோட்ரெக்டினிப் 2018இல் வந்தது. அயோடின் உண்பதை நிறுத்திவிட்ட கட்டி, இம்மருந்துகளுக்குப் பிறகு மீண்டும் அயோடினை ஏற்கத் தொடங்கியது என்று சில பிள்ளைகளிடம் பதிவாகியுள்ளது. உங்கள் பெண்ணுக்கு இவை தேவைப்படாமலே போகக்கூடும். இருந்தாலும் அந்த அறிக்கையின் மூலப்பிரதியைப் பத்திரமாக வைத்திருங்கள். பத்தாண்டு கழித்தும் அது பயன்படலாம்.


அழகர்கோவில் சாலை எழுதியது:

இந்த இழையைப் படிக்கும் மற்றவர்கள் ‘தைராய்டு புற்றுநோய் எதுவும் பரம்பரை அன்று’ என்று நினைத்துவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். எங்கள் குடும்பத்தில் தவறு தாய்ப்பத்திரத்திலேயே இருந்தது. என் தாயாருக்கு வந்தது மெடுல்லரி வகை. அவருக்கு ஏற்கெனவே இரத்த அழுத்தம் திடீர் திடீரென்று ஏறிக்கொண்டிருந்ததற்குச் சிறுநீரகத்தின் மேலுள்ள சுரப்பியில் இருந்த கட்டிதான் காரணம் என்று பிறகுதான் தெரிந்தது. இரத்தத்தில் பார்த்தபோது ரெட் மரபணுவின் 634ஆவது இடத்தில் மாற்றம் இருந்தது. எனக்கும் இருந்தது, என் அண்ணனுக்கு இல்லை. என் மகளுக்கு இருப்பதை அறிந்து நான்கு வயதில் தைராய்டை அகற்றினோம். அவள் இப்போது பள்ளியில் கோகோ அணித் தலைவி.

மெடுல்லரி என்று அறிக்கை சொன்னால், குடும்பத்தில் வேறு யாருக்கும் நோய் இல்லாவிட்டாலும் நோயாளியின் இரத்தத்தில் ரெட் பரிசோதனை செய்தே ஆக வேண்டும். அந்த வகையில் ஏறத்தாழ நான்கில் ஒன்று பரம்பரையானது. நுண்ணோக்கி ஐயா இதை ஒப்புக்கொள்வார் என்று நினைக்கிறேன்.


நுண்ணோக்கி எழுதியது:

முழுமையாக ஒப்புக்கொள்கிறேன்; நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டியது. மெடுல்லரி அல்லாத வகையிலும் பரம்பரையை நினைக்க வேண்டிய சில சூழல்கள் உண்டு. பெற்றோர், உடன்பிறந்தோரில் இன்னும் ஓரிருவருக்கு அதே தைராய்டு புற்றுநோய் இருப்பது; சிறு வயதிலேயே பல முடிச்சுகளுடன் கழலை இருந்து, குடும்பத்தில் ஒரு குழந்தைக்கு நுரையீரல் கட்டியோ ஒரு பெண்ணுக்குச் சினைப்பைக் கட்டியோ வந்திருப்பது, இதில் டைசர்1 மரபணு மீது சந்தேகம்; தலை இயல்புக்கு மீறிப் பெரிதாக இருப்பதோடு தோலில் சிறு பருக்கள், மார்பகப் புற்றுநோய் ஆகியவை குடும்பத்தில் தொடர்வது, இதில் பிடென் என்ற மரபணு மீது; குடலில் எண்ணற்ற சிறு சதைவளர்ச்சிகள், இதில் ஏ.பி.சி. என்ற மரபணு மீது. இவற்றில் ஒன்று இருந்தால்தான் இரத்தத்தில் தேட வேண்டும். மேலூர் அன்பர் சொன்ன விவரங்களில் இவை எதுவும் இல்லை. அடுத்த முறை போகும்போது, குடும்பத்தில் யாருக்கு என்ன நோய் இருந்தது என்பதை இரு பக்கத்துக்கும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். கூட்டம் இருந்தாலும் மருத்துவர் அதை அரை நிமிடத்தில் படித்துவிடுவார்.


மேலூர்க்காரன் எழுதியது:

ஐயா சொன்னபடி தாளில் எழுதிக்கொண்டு நேற்றுப் போய் வந்தோம். அத்தான் பக்கம் சர்க்கரை நோய், எங்கள் பக்கம் இரத்தக் கொதிப்பு, அவ்வளவுதான் இருந்தது. மருத்துவர் தாளைப் படித்துவிட்டு, தம்பிக்கு எந்தப் பரிசோதனையும் வேண்டாம் என்று சொன்னதோடு, நாங்கள் கேட்டுக்கொண்டதற்காகக் கோப்பின் ஓரத்தில் ‘பரம்பரை நோய் அன்று’ என்று தமிழிலேயே எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். அதை அப்பத்தாவிடம் இரண்டு முறை படித்துக் காட்டினேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அப்படியென்றால் பையனுக்கு ஊசி போட வேண்டியதில்லை, இல்லையா?” என்று மட்டும் கேட்டார்.

காலாண்டுத் தேர்வு முடிந்த மறுவாரம் அயோடின் சிகிச்சைக்கு நாள் குறித்திருக்கிறார்கள். அயோடின் சேர்க்காத உப்பு மேலூரில் மூன்று கடைகளில் கிடைக்கவில்லை, நான்காவதில் கிடைத்தது. அக்காள் தனியாக ஒரு சம்படத்தில் போட்டு வைத்திருக்கிறாள். பாடங்களை நகல் எடுக்கும் வேலை என்னுடையது. ஸ்கேன் முடிவு வந்ததும் இதே இழையில் எழுதுகிறேன்.